வாசலைப் பார்த்து நிற்கும் கார்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அந்த ஓமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் மாமனாருக்கு நானும் அதே ஓம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதத்துக்கு ஓம் சொல்லித் தப்ப முடியாது, வாசித்துத்தான் ஆகவேண்டும். கால் நோவோடு வீட்டில் கிடக்கிற கிழவன் பொழுது போகாமல் எழுதுகிறான் என்றும் எண்ணாதே. எனக்குப் பயமாக இருக்கிறது மகன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஓட்டுகிற அந்தக் காரை நினைத்துத்தான் பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் தர்ஷினியைப் பார்க்க மண்டூருக்கு வந்தபோது, எங்களை ஏற்றிப்போக நீ குருமண்வெளித் துறைக்குக் காரோடு வந்திருந்தாய். மாமியாரை வரவேற்க வேண்டும் என்று தர்ஷினியும் அந்த வயிறோடு கூடவே வந்திருந்தாள். காரைப் பாதையில், அந்த மிதவையில், ஏற்றி வாவியைக் கடக்கும்வரை ஒரு குறையும் இல்லை. பெண்கள் இருவரும் பின் சீற்றில் கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அக்கரையில் பலகையை இறக்கியதும் நீ கியரை முன்னுக்குப் போட்டாய். எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. பிறகு யாரோ பின்னால் இடித்தது போல ஒரு குலுக்கு. முன் சில்லுகள் பலகையில் ஏறின. ஏறிய இடத்தில் மறுபடியும் எஞ்சின் மட்டும் அலறியது, கார் பின்னால் வழுகியது. ஒரு முழம் இருக்கும். பின்னால் ஒரு சங்கிலி, அந்தச் சங்கிலிக்கு அப்பால் தண்ணீர். நீ பிரேக்கை மிதித்துப் பிடித்து, மெல்ல மெல்லக் கொடுத்து ஏற்றிவிட்டாய். "என்னங்க, கார் உங்கட சொல்லுக் கேக்குதில்லயா?" என்று தர்ஷினி சிரித்தாள். நீ அவளுக்குப் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாய். தலையை இலேசாக ஆட்டினாய். சொல்ல வேண்டாம் என்று கேட்டாய். நானும் சொல்லவில்லை. "பலகை வழுக்குது மகள்" என்று சொன்னேன்.

உன் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் கலங்க வைத்தது. சம்பந்தி வயல் பார்க்க வட்டைக்குப் போயிருந்தார். நீ குளிக்கக் கிணற்றடிக்குப் போனாய். உன் மாமியார் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, முற்றத்தில் நின்ற காரைக் காட்டி, "மருமகன்ர கார் எப்பவும் வாசலப் பாத்துத்தான் நிக்கும் பாருங்க. புள்ளைக்கு நோவு வந்தா ஒரு நொடியும் சுணங்கப்படாதெண்டு இப்பயே ஆயத்தமா வச்சிரிக்கார்" என்று பெருமையோடு சொன்னார். உன் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கார் வாசலைப் பார்த்து நிற்பது ஆயத்தத்துக்காக இல்லை. பின்னால் எடுக்க முடியாததால்தான் நீ வளவைச் சுற்றி வந்து அப்படி நிறுத்துகிறாய், வந்து இறங்கியபோதே கவனித்தேன். அந்தக் காருக்குப் பின்பக்கக் கியர் செத்துவிட்டது. அதைத் தெரிந்தவன் அந்த வீட்டில் நீ ஒருவன்தான். இப்போது நானும்.

கால் மரத்துவிட்டது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து போய்க் காரின் முன்மூடியைத் திறந்தேன். ஒயிலின் அளவு பார்க்கத்தான் எஞ்சின் ஓட வேண்டும், மணம் பார்க்க அது ஓட வேண்டியதில்லை. அளவுக்கம்பியை உருவி வெள்ளைக் கைலேஞ்சியில் துடைத்தேன். நல்ல கியர் ஒயில் செக்கச்செவேல் என்று இருக்கும். இது கறுப்புக் கோப்பி. எரிந்த கயிற்று மணம் வந்தது. விரல் நுனியில் தேய்த்தபோது பொடிப் பொடியாக ஏதோ உருண்டது. அது வெறும் தூசியில்லை. உள்ளே இருக்கிற தட்டுகள் தேய்ந்து உதிர்ந்த தூள். போதாததற்கு ஒயில் தடிப்பாகவும் இருந்தது. சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர் தடித்த ஒயில் ஊற்றினால் பிடிக்கும் என்று சொல்லியிருப்பார், நீயும் ஊற்றியிருப்பாய். காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்திவிட்டுக் காய்ச்சலைக் காணவில்லை என்கிற வைத்தியம் அது. நான் கைலேஞ்சியை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா துவைக்க எடுத்துவிட்டு இன்னும் என்னை ஏசிக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் உங்களுக்கெப்படித் தெரியும், நீங்கள் மருந்து கலக்கிற ஆள்தானே என்று நீ கேட்கலாம். அந்தக் காரின் நோயெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். உனக்கு அதில் பாதிதான் நினைவிருக்கும். ஷெல் துண்டு பட்டு என் இடது கால் மடங்காமல் போன பிறகு, இடது காலுக்கு வேலையில்லாத, கியர் தானாக மாறுகிற கார் ஒன்று வேண்டும் என்று தேடி வாங்கியது அது. அப்போதே அது பழசு. ஊரில் அப்படிக் கியர் உள்ள வாகனம் குறைவு, அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. "மாடு வாங்கினாலும் ஊர் வைத்தியனுக்குத் தெரிஞ்ச மாடா வாங்கோணும்" என்று என் மாமனார் சொன்னார். நான் ஓம் சொன்னேன், வாங்கினேன்.

கடல் வந்த அன்று காலை அதன் டயர் ஒன்று காற்றுப் போய்க் கிடந்தது. அதனால்தான் நாங்கள் மூவரும் நேரத்தோடு பஸ் பிடித்துக் கல்லடிப் பாலத்துக்கு அப்பால் டவுனுக்குப் போனோம். டயர் நன்றாக இருந்திருந்தால் பத்து, பதினொரு மணிக்குச் சாவகாசமாகக் காரில் போகலாம் என்று வீட்டில்தான் இருந்திருப்போம். திரும்பி வந்தபோது மதில் இல்லை, குசினி இல்லை. கார் பக்கத்து வளவில் ஒரு தென்னையோடு சாய்ந்து நின்றது. கதவைத் திறந்தபோது மணலும் தண்ணீரும் இறங்கின. எங்கள் தெருவில் ஆள் குறையாமல் நின்ற வீடு எங்களுடையது மட்டும்தான். எதிர் வீட்டில் ஒருவர்தான் மிஞ்சினார். அவர் அதற்குப் பிறகு அந்தக் காரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறி நடப்பார். உன் அம்மாவோ அதை விற்க விடவில்லை. எங்களைக் காப்பாற்றிய கார் என்றாள். கற்பூரம் காட்டினாள். எனக்கு அந்த நேரத்தில் எதையும் மறுத்துப் பேசும் தெம்பு இல்லை.

காத்தான்குடியிலிருந்து அன்சார் காக்கா வந்து பார்த்தார். அவருடைய கராஜிலும் கடல் புகுந்து வெளியேறி ஒரு மாதம் ஆகவில்லை. கியர்ப் பெட்டியின் கீழ் ஆணியைக் கழற்றியதும் வெளிறிய ரோஜா நிறத்தில் பால் மாதிரி ஏதோ வந்தது. "டிஸ்பென்சர் ஐயா, இஞ்ச பாருங்க, நம்மட ஊருப் பலூடா" என்றார் அவர். சிரிக்கவில்லை. தண்ணீர் கலந்தால் கியர் ஒயில் அந்த நிறம்தான் ஆகும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள் இருக்கின்றன, அவற்றின் மேல் ஒட்டியிருப்பது ஒரு மாதிரிக் காகிதம், தண்ணீரில் ஊறினால் பசை விட்டுவிடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒருமுறை வடித்துப் புது ஒயில் ஊற்றியதும் கார் ஓடியது. போதும் என்றேன். "போதாது. ஆணியக் கழட்டினா வாறது பாதியும் இல்ல. மிச்சம் எஞ்சினுக்குப் பின்னால இரிக்கிற உருண்டைக்குள்ள குந்திக்கிட்டிரிக்கி" என்றார். ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி, ஒயில் சிவப்பாகவே வரும்வரை விடவில்லை. அதன் பிறகு கார் இரண்டு வருடம் நன்றாக ஓடியது. நானும் நோய் தீர்ந்தது என்று எழுதி மூடிவிட்டேன்.

பிறகு வவுணதீவுப் பக்கம் சண்டை மூண்டு, வாவிக்கு அப்பால் படுவான்கரைச் சனம் கையில் அகப்பட்டதோடு பாலத்தால் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த நாட்கள். நடக்க மாட்டாதவர்களையும் காய்ச்சல்காரரையும் முகாமுக்கு ஏற்றிப் போக நாம் இருவரும் காரோடு போய் நிற்போம், நினைவிருக்கிறதா? சோதனைச் சாவடியில் வரிசை அசையாது. ஒரு நாள் வெயிலில் றேடியேற்றர் கொதித்துவிட்டது. பின் சீற்றில் ஒரு வயதாளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நீ போத்தலை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வாவியில் அள்ளி வந்தாய். ஊற்று என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. வீட்டுக் கிணறும் கடல் வந்ததிலிருந்து உவர். நம் ஊரில் எல்லா வாகனமும் அந்த நாட்களில் அதைத்தான் குடித்தது. பக்கத்தில் இவ்வளவு பெரிய வாவியை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லை என்று நிற்க யாருக்கு மனம் வரும். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று தெரியாத ஊரா நம்முடையது. தெரிந்துகொண்டேதான் ஊற்றினோம்.

ஒரு வருடத்துக்குள் கார் இழுக்க மாட்டாமல் திணறியது. கம்பியை உருவினால் மறுபடியும் பலூடா. உன் அம்மா அன்று மாலையே பேச்சை மாற்றிவிட்டாள். "கடல் அதுக்குள்ளயே இரிக்கி. நான் இனி அதுல ஏற மாட்டன்" என்றாள். காப்பாற்றிய கார் இப்போது காவு கேட்கிற கார் ஆகிவிட்டது. தெருவில் அதையே சொன்னார்கள். அன்சார் கூட, "ஐயா, நான் அண்டைக்கு முழுசா எடுக்கல்லையோ தெரியா" என்று தன்னையே சந்தேகப்பட்டார். எனக்கு மட்டும் ஒன்று இடித்தது. இரண்டு வருடம் சிவப்பாக இருந்த ஒயிலுக்குள் பழைய கடல் எங்கே ஒளிந்திருக்கும்? புதுத் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. ஆஸ்பத்திரியில் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான், எங்கிருந்து வருகிறது என்பது. றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீருக்கு மேல் மண்ணிற ஆடை மிதந்தது. ஒயிலுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஒயில். இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

கியர் ஒயிலை ஆற்றுவதற்கு ஒரு குழாய் றேடியேற்றருக்குள் போய் வருகிறது. அன்சார் அதன் இரண்டு முனைகளையும் கழற்றினார். ஒன்றை அடைத்தார், மற்றதில் சைக்கிள் பம்பைச் செருகி நீ அடித்தாய். றேடியேற்றர் தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. கடல் கெடுத்தது என்று ஊரே சொன்னதை நாம் போத்தல் போத்தலாக நம் கையாலேயே ஊற்றியிருக்கிறோம். கொழும்புப் பாதை ஒரு நாள் திறந்தால் மறுநாள் பூட்டு, புது றேடியேற்றருக்கு வழியில்லை. அன்சார் அந்தக் குழாயை றேடியேற்றருக்குள் விடாமல் வெளியிலேயே வளைத்துப் பூட்டினார். "இது ஓட்டமில்ல ஐயா, நொண்டல். ஒயில் சூடாகும். வெயிலுக்குள்ள எடுக்கவேணாம், தூரம் போகவேணாம்" என்று சொல்லித் தந்தார். பிறகு உடைந்த கார் ஒன்றிலிருந்து றேடியேற்றர் கிடைத்தது, மாற்றினோம், மறுபடி வடித்து வடித்து ஊற்றினோம். ஆனாலும் தட்டுகள் இரண்டாம் முறையும் நனைந்துவிட்டன. உன் கல்யாணத்துக்கு அந்தக் காரை நான் உனக்குத் தந்தபோது அன்சார் உன் முன்னால்தான் சொன்னார், "தம்பி, இது ஒரு நாளைக்குக் கேக்கும். கேக்கக்குள்ள ஒயில் ஊத்தி ஏமாத்தாத. கழட்டித் தட்டு மாத்து" என்று. இப்போது கேட்கிறது.

காலையில் மட்டும் சுணங்கி, சூடானதும் சரியாகிவிட்டால் உள்ளே ரப்பர் வளையங்கள் வயதாகிவிட்டன என்று அர்த்தம், கொஞ்ச நாள் ஓட்டலாம். முதலில் உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால்தான் விடிந்ததும் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பல் விளக்கப் போகிறாய். ஆனால் ஞாயிறு மத்தியானம் துறையில் அது நன்றாகச் சூடாகித்தான் இருந்தது. சூட்டிலும் பிடிக்கவில்லை என்றால், ஏற்றத்தில் எஞ்சின் கத்தக் கத்த வண்டி நின்றால், பின்பக்கம் போகவே மாட்டேன் என்றால், அது தட்டுகள் முடிந்த கதை. அடுத்தது முன்பக்கம். அது எந்த நாளில் என்று சொல்ல முடியாது. தெரு நல்லதாக, ஆள் தனியாக, பகல் வெளிச்சத்தில் நின்றால் புண்ணியம். அது நின்றால் இனித் தள்ளித்தான் போகவேண்டும். மாரி தொடங்கிவிட்டது மகன். பாதை ஓடாத நாட்களில் நீ சுற்றித்தான் பட்டிருப்புப் பாலத்துக்கு வரவேண்டும். அந்த வீதியில் தண்ணீர் குறுக்கறுத்துப் பாயும்போது நீ எங்கே நிற்பாய், யார் தள்ளுவார்கள்?

எனக்குத் தெரியும் நீ ஏன் சொல்லவில்லை என்று. எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்ணுடையது, வளவு பெண்ணுடையது, வயலும் அவள் பக்கத்தால் வருவது. ஆம்பிளை ஒரு பெட்டியோடு போய் அந்த வீட்டில் ஏறுகிறான். நானும் அப்படித்தான் ஏறினேன். நீ ஏறும்போது உன்னிடம் அந்தக் கார் இருந்தது. சம்பந்தி ஆட்களுக்கு முன்னால் "மருமகன்ர கார்" என்று சொல்லும்போது உன் முதுகு நிமிர்கிறது. திருவிழாவுக்கு, கல்யாண வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று அந்த ஊரே உன்னைத் தேடி வருகிறது. கழற்றிக் கராஜில் போட்டால் வாரக்கணக்கில் நிற்கும், அதுவரை நீ அந்த வீட்டில் வெறும் ஆள். இதைத்தானே பயப்படுகிறாய்? இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உன் மாமியார் ஆயத்தம் என்று நம்பிக்கொண்டிருப்பதை ஆயத்தமில்லை என்று தெரிந்துகொண்டே நீ விட்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் வேறு வாகனத்துக்குச் சொல்லி வைக்கவில்லை. ஏன் வைப்பார்கள், மருமகனின் கார் வாசலைப் பார்த்து நிற்கிறதே.

நான் வேலை செய்த காலத்தில் வாவிக்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணை உழவு மெஷினின் பெட்டியில் ஏற்றி வந்தார்கள். தலைப்பிள்ளை. வழியில் மெஷின் நின்றுவிட்டது, திருத்தி எடுத்துக்கொண்டு வரும்போது நேரம் கடந்துவிட்டது. நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன்தான், ஆனாலும் கால் விரலைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அவளுடைய புருஷன், சின்னப் பெடியன், என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் நேத்து நல்லாத்தான் ஓடிச்சு ஐயா, நேத்து நல்லாத்தான் ஓடிச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நேற்று நன்றாக ஓடியிருக்காது. அவனுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அவனுடைய தாய் தகப்பனுக்கு முன்னால் நான் அதைச் சொல்லவில்லை. அவன் அதற்குப் பிறகு என்ன ஆனான் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

கடலும் வந்து போய்விட்டது, சண்டையும் முடிந்துவிட்டது, இனி என்னப்பா வரப்போகுது என்று நீ அன்று சாப்பிடும்போது சிரித்தாய். ஊர் முழுக்க இப்போது அப்படித்தான் பேசுகிறது. அவ்வளவு பெரிய இரண்டையும் கண்டதால் சின்னதுக்குப் பயப்படுவது நமக்கு வெட்கமாகிவிட்டது. சாவு வர ஊரே அதிர வேண்டியதில்லை மகன். ஒரு காகிதத் தட்டுத் தேய்ந்தால் போதும். அன்று பாதை பூட்டியிருந்தது, சாமான் இல்லை, நொண்டியபடி ஓட்டினோம், அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று கொழும்புக்கு பஸ் ஓடுகிறது, தட்டும் ரப்பரும் கேட்டால் வருகிறது. இன்று நொண்டுவதற்கு உன்னிடம் இருக்கிற நியாயம் உன் மானம் மட்டும்தான்.

நான் ஏற்பாடு செய்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. அன்சார் காக்கா தட்டையான லொறியோடு பாலத்தால் சுற்றி வருகிறார். கயிறு கட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, சில்லு உருண்டால் உள்ளே மிச்சம் இருப்பதும் போய்விடும், தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அம்மா இந்தக் கடிதத்தோடு ஒரு வான் வண்டியில் வருகிறாள். அந்த வானும் ஓட்டுநரும் பிள்ளை பிறக்கும்வரை உங்கள் வளவிலேயே நிற்கும். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்ற வழக்கத்தை நான் குழப்ப வரவில்லை. சம்பந்தி வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறை நம் வீட்டிலிருந்து போன பொருளில் இருக்கிறது. எல்லாரும் இருக்கிற நேரத்தில், "இந்தக் கார் ஓடாது" என்று உன் வாயாலேயே சொல். அவர்கள் ஒரு நிமிஷம் உன் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு சம்பந்தி வானுக்காரனுக்குப் பாய் போடச் சொல்வார். அவ்வளவுதான் நடக்கும்.

இதை எழுதத் தொடங்கும்போது உன் கையில் கொடுக்கச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். எழுதி முடிக்கிற இடத்தில் யோசித்துப் பார்க்கிறேன். நீ இதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பாய். அம்மாவிடம், "பாத்துச் செய்யிறன், லொறியத் திருப்பி அனுப்புங்க" என்பாய். நீ என் பிள்ளை, எனக்குத் தெரியாதா? அதனால் கடிதத்தைத் தர்ஷினியின் கையிலேயே கொடு, வேறு யாரிடமும் காட்டாதே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கதை எழுதிய தாளை மட்டும் எடுத்துவிடலாமா என்று கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். எடுக்கவில்லை. சுமக்கிறவளுக்குத் தெரியாமல் இரண்டு ஆம்பிளைகள் கண்ணால் பேசி முடிவெடுத்தது போதும்.

மகள் தர்ஷினி, மகனுக்கு என்று எழுதிய கடிதத்தை இவ்வளவு நேரமும் நீங்கள்தான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பயப்படுத்தியதற்கு இந்தக் கிழவனை மன்னியுங்கள். மாமி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருப்பார், வான் வாசலில் நிற்கும். அவனை ஏசாதீர்கள், அவன் உங்களிடம் மறைத்தது உங்கள் முன்னால் சிறுத்துப்போகக் கூடாது என்றுதான். ஆனால் அவன் கேட்டாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். எங்கே தொங்கவிட்டிருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே எடுத்து அன்சார் காக்காவின் கையில் கொடுங்கள். அவனுக்குக் கோபம் வரும். அன்றைக்கு ஒருவேளை சாப்பிடாமலும் படுப்பான், அது அவனுடைய பழக்கம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அப்பா